தேய்மானம்

முதுநகர் ஐஸ் பேக்டரி வாசலில்
ஐம்பது கிலோ எடை போட்ட பார்
துறைமுகத்தில் படகு ஏறும்போது
நாற்பத்தாறரை.
இடையில் போன மூன்றரையைத்
தார்ச்சாலை குடித்திருக்கும்.
பேரேட்டில் அதற்கென்று சிவப்பு மையில்
ஒரு பத்தி உண்டு: தேய்மானம்.

பதினோரு வருடமாக அதை நிரப்புகிறேன்.
தேய்வது என்றால் என்னவென்று
எனக்குத் தெரியும்.
அதனால்தான் காலண்டரில்
தேய்பிறை என்ற எழுத்தைப் பார்த்தால்
பேனாவால் திருத்தக் கை பரபரக்கும்.

மாசி மகத்தன்று
தேவனாம்பட்டினத்தில் குளித்த சாமிகள்
டிராக்டர் ஏறி ஊர் திரும்பிவிட்டன.
விடியற்காலைக்கு ஐஸ் சொல்ல வந்த
படகு டிரைவர் கலிவரதன்
டோக்கனை வாங்காமல் கிழக்கே பார்த்து நின்றார்.
"ஏ குமுதவல்லி, இங்க வந்து பாரேன்.
அண்டா கணக்கா வருது."

செங்கல் நிறத்தில், கடலுக்கு மேலே,
மெய்யாகவே அண்டா.
முகத்துவாரத்துப் படகு மொத்தமும்
அதற்குள் அடங்கும்போல இருந்தது.
"கண்ணு பண்ற வேலைண்ணே" என்றேன்.
"பந்தயமா?"
"ஒரு பார்."

டோக்கனில் பஞ்ச் அடித்துக் கொடுத்தேன்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிய துளை.
கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி,
அது வழியாகப் பார்த்தார்.
அண்டா
அந்தத் துளைக்குள் இடிக்காமல் வந்து உட்கார்ந்தது.

நடுராத்திரி, கடைசி லோடு.
உச்சிக்குப் போன நிலா
வெளுத்து, சிறுத்து,
எவரோ தவறவிட்ட காசு மாதிரி.
அதே டோக்கன். அதே கை.
துளைக்குள் அதே அளவு.
நான் துளையை மாற்றிவிட்டேனோ என்று
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்ப சாயந்திரம் நான் பார்த்தது என்னா?"

என்னிடம் பதில் இல்லை.
படித்தவர்களிடமும் முழுசாக இல்லையாம்.
நிறத்துக்கு மட்டும் உண்டு.
அடிவானத்து வெளிச்சம்
காற்றை அதன் நீளவாக்கில் கடந்து வர வேண்டும்.
வழியெல்லாம் நீலத்தைச் சிந்திவிட்டு
மிஞ்சிய சிவப்போடு கரையேறுகிறது.
எங்கள் வண்டியும் சிந்திக்கொண்டுதான் போகிறது.

எட்டு நாள் போனபின், இரவு ஒரு மணிக்கு
கீழ்ப்பாதி மட்டும் வெளுத்து
கஞ்சி ஊற்றிய கிண்ணமாக எழுந்தது.
பூமியின் நிழல் விழுந்து பாதி மறைந்திருக்கிறது
என்றார் மேனேஜர் ஹபீப் மரைக்காயர்.
நிழல் விழுவது கிரகணத்தன்றுதான்,
என்று நான் சொல்லவில்லை. சம்பள வாரம்.

ஜெட்டியில் ஒரே ஒரு போகஸ் லைட்.
கலிவரதன் படகில்
உருண்டை மிதவை ஒன்று கயிற்றில் தொங்கியது.
விளக்கை முதுகுக்கு வைத்துப் பார்த்தால் முழு உருண்டை.
பக்கவாட்டில் வந்தேன், பாதி.
இன்னும் நாலு எட்டு, நகத்துண்டு.
மிதவைக்கு அந்தப் புறம் போய்
விளக்கை நோக்கி நின்றபோது
கறுப்பாய் ஒரு கட்டி.
மிதவை எதையும் இழக்கவில்லை.
அதன் ஒரு பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருந்தது,
எந்தப் பாதி எனக்கு என்பது
நான் நின்ற இடத்தைப் பொறுத்து.
இங்கே சுற்றியது நான்.
அங்கே சுற்றுவது அது.
வாட்ச்மேன் டார்ச் அடித்துக் கேட்டார்,
"என்னம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?"

அமாவாசை. படகு இறங்காது.
கலிவரதன் பந்தயக் காசு கொண்டுவந்தார்.
நூற்று இருபதுக்கு
நூற்றுப் பன்னிரண்டு இருந்தது.
"மீதிண்ணே?"
"வர்ற வழியில தேஞ்சி போச்சி."

அவர் போன பிறகு பேரேட்டைத் திறந்தேன்.
நண்பகல்.
சூரியன் பக்கத்திலேயே எங்கோ
அதுவும் நின்றுகொண்டிருக்கும்,
வெளிச்சம் முழுக்க அந்தப் புறம்,
முதுகு எங்களுக்கு.
லோடு இல்லாத நாளின் சிவப்புப் பத்தியில்
ஒரு பூஜ்யம் போட்டேன்.
கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது.